மாத்திரையும் உடல் எடையும்



இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணத் தொடங்கிய சில மாதங்களில் உடல் கனத்துவிட்டது எனக் குறைபட்டுக்கொள்வோர் நம் இல்லங்களில் பலர். “சோற்றைக்கூடக் குறைத்துவிட்டேன், ஆயினும் சட்டை இறுக்குகிறதே!” என்பார் வாப்பா. “எல்லாம் இந்தப் பிரஷர் மாத்திரையால் வந்த வினை” என்று உம்மாவோ தம் மாத்திரையை எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். அவருடைய ஐயத்தில் உண்மை உண்டு. ஆனால் அவர் எடுத்த முடிவு உயிருக்கே கேடாக முடியலாம்.

எந்த மாத்திரை எடையைக் கூட்டும்?

எல்லா மாத்திரைகளும் எடையைக் கூட்டுவதில்லை. அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் முதலியவை ‘பீட்டா தடுப்பான்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கின்றன. அத்துடன் உடல் செலவிடும் ஆற்றலும் சற்றுக் குறைகிறது. சிலருக்குச் சோர்வு தோன்றி நடமாட்டமும் குறைகிறது. உணவு பழைய அளவிலேயே இருந்தால் மிஞ்சுவது கொழுப்பாகத் தங்கிவிடுகிறது.

எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, இம்மாத்திரை உண்டோரின் எடை மற்றவர்களைவிடச் சுமார் 1.2 கிலோ மிகுந்திருந்ததைக் காட்டியது. ஆகவே பத்துக் கிலோ கூடிய ஒருவர் பழி முழுவதையும் மாத்திரையின்மேல் சுமத்துதல் நியாயமன்று. எனலாப்ரில், லோசார்டன் போன்றவை பொதுவாக எடையைக் கூட்டுவதில்லை.

வீக்கம் வேறு, கொழுப்பு வேறு

அம்லோடிபின் உண்போர் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இது நீர்க்கட்டு, கொழுப்பன்று. பட்டினி கிடந்தாலும் இது வடியாது. மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஆனால் ஓரிரு நாட்களில் எடை இரண்டு கிலோ ஏறி, படுத்தால் மூச்சுத் திணறுமாயின் அது இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்!

பீட்டா தடுப்பானைத் திடீரென விட்டுவிட்டால், அதுவரை அடங்கியிருந்த துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதய நோயுள்ளோருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம். மாத்திரையை நிறுத்த வேண்டியிருப்பினும் மருத்துவர் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துவார். அவரிடம், “இம்மாத்திரை தொடங்கியபின் இத்தனை கிலோ கூடியுள்ளது, எனக்கு வேறு மருந்து பொருந்துமா?” எனத் தயங்காது கேளுங்கள். எனினும் மாரடைப்பு கண்டவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் இதே மாத்திரை இன்றியமையாததாக இருக்கலாம். அவர் தொடரச் சொன்னால் தொடருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அக்குறிப்பே சான்றாகும்.

நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட்டிருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். நெய்ச்சோறும் பொரித்த பண்டமும் விருந்து நாளோடு நிற்கட்டும்.

வாரத்தில் 150 நிமிடமேனும் நடங்கள். இம்மாத்திரை உண்போருக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. ஆதலால் அதை அளவாகக் கொள்ளாமல், மூச்சு வாங்கினும் பேச முடிகிற வேகத்தில் நடப்பதே சரி. ஒரு கிலோ எடை குறைந்தால் இரத்த அழுத்தமும் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும்.

நோன்பு நோற்க விரும்புவோர் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரை நேரத்தைக் கேட்டறியுங்கள். நீரிழிவும் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது உண்டாகும் படபடப்பை இம்மாத்திரை மறைத்துவிடும். வியர்வை ஒன்றே எச்சரிக்கையாக மிஞ்சலாம்.

சகோதரிகளே! இன்று இரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். நிறுத்திவிட்டார்களா எனக் கடிந்துகொள்ளாமல், கனிவோடு கேளுங்கள். நிறுத்தியிருந்தால் நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூடிய எடையைப் பொறுமையாகக் குறைத்துக்கொள்ளலாம். பக்கவாதத்தில் விழுந்த கையையும் காலையும் மீட்பது எளிதன்று.