கையில் காசு குறைந்தால் எதைக் குறைப்பது?



சம்பளம் வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டால் பல வீடுகளில் ஒரே கதைதான். முதலில் மீன் நிற்கும். அப்புறம் முட்டை நிற்கும். அதற்கப்புறம் காய்கறி. கடைசியில் மிஞ்சுவது சோறும் கிச்சாப்பும்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? டின் பால் ஊற்றிய தேத்தண்ணி மட்டும் நிற்பதே இல்லை. காசு இல்லாத நேரத்தில் குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு, குறைக்கக் கூடாததைக் குறைக்கிறோம். இந்தத் தடவை அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் சீனிக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் ஒரு நாளைக்கு 120 கிராம். மாதத்துக்கு 3 கிலோ 600 கிராம்! சீனியில் தெம்பு இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சதை வளர்க்கும் சத்தோ, இரத்தம் ஊறும் சத்தோ அதில் கிடையாது. போதாததற்கு இனிப்பு நீர் வியாதி வேறு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இந்த வியாதி இருந்தது. நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஆகவே கத்தரிக்கோலை முதலில் சீனியில் வையுங்கள். கோப்பைக்கு ஒரு கரண்டி குறைத்தாலே மாதம் 1 கிலோ 800 கிராம் மிச்சம்.

அடுத்தது டின் பால். நாம் பால் என்று கேட்டு வாங்கும் டின்களில் பல இன்று பாலே அல்ல. லேபிளைப் படித்துப் பாருங்கள், 'கிரிமர்' என்று இருக்கும். செம்பனை எண்ணெய், சீனி, கொஞ்சம் பால்தூள் சேர்த்துச் செய்த பொருள் அது. ஏறக்குறைய பாதி சீனிதான். இதைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. இனிப்பு டின் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுத்ததால் குழந்தைகள் சாகிறார்கள் என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1939-லேயே சிங்கப்பூரில் மேடையேறிக் கண்டித்தார். அவர் பேச்சுக்கு வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்'. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தாய்ப்பால் போதவில்லை என்று தோன்றினால் கிளினிக் தாதியிடம் கேளுங்கள்; டின்னை உடைக்காதீர்கள்.

சரி, மிச்சம் பிடித்த காசில் எதை வாங்குவது?

பருப்பு. அரிசியில் குறைகிற புரதத்தைப் பருப்பு நிரப்பும். பருப்பில் குறைகிறதை அரிசி நிரப்பும். 200 கிராம் காய்ந்த பருப்பில் ஏறக்குறைய ஏழு முட்டையில் உள்ள புரதம் இருக்கிறது. உங்கள் கடையில் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். பாசிப்பயற்றை ஓர் இரவு ஊற வைத்து ஈரத்துணியில் கட்டினால் இரண்டு நாளில் வீட்டிலேயே தௌகே தயார். தெம்பேயும் நல்லதுதான். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். உப்புப் போக நன்றாக அலசிச் சமையுங்கள்.

கீரை. வேலி ஓரத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வையுங்கள்; கொடிப் பசலையும் சும்மா வளரும். ஆனால் களைக்கொல்லி மருந்து அடித்த இடத்தில் ஒரு கொழுந்துகூடப் பறிக்காதீர்கள். காலி மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதன் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது ஒட்டாது. ஒரு மணி நேரம் போகட்டும்.

அரிசி. பெரிபெரி என்ற கால்வீக்க நோய் ஒரு காலத்தில் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தீட்டிய பச்சரிசி தின்றவர்களுக்குத்தான் அது வந்தது; புழுங்கல் அரிசி தின்ற நம் தமிழர்களுக்கு வருவது அபூர்வம். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907-இல் புத்தகமாகவே எழுதினார். விலை ஒத்து வந்தால் புழுங்கல் அரிசியே வாங்குங்கள். வெள்ளை அரிசி என்றால் ஐந்தாறு தடவை அலசாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள்.

மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று உடம்பு தேறாது. பருப்போ நெத்திலியோ கூட இருக்க வேண்டும். தோலை உரித்து, நன்றாக வேக வைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் விஷம் இருக்கும்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை வீட்டில் அம்மா கடைசியாக உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்? விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓடி, உங்களுக்குச் சமமாக வேலை செய்பவரும் அவர்தானே! மாதவிலக்கில் இரத்தம் போகிறது, பிள்ளை பெறுகிறார், பால் கொடுக்கிறார். முதலில் இரத்தசோகை பிடிப்பது அவரைத்தான். மூச்சு வாங்குதா, தலை சுத்துதா, கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கா என்று பாருங்கள். இருந்தால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் அங்கே கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் விழுங்க வேண்டும்.

சிக்கனமாகச் சாப்பிடத் தெரிவதால் குறைந்த சம்பளம் நியாயம் ஆகிவிடாது; அது தனி வழக்கு. ஆனால் அந்த வழக்கு தீரும் வரை உடம்பு காத்திருக்காது. இன்றைக்கு ராத்திரியே பருப்பை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுங்கள். அம்மாவின் மங்கிலும் ஒரு கரண்டி விழட்டும்.