போனில் வரும் மருந்தும் கிளினிக் கொப்பியும்

மலையில் ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்குச் சீனி வருத்தம் வராது, பங்களாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் வரும் என்று எமது தோட்டங்களில் ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு பொய்யாகிப் பல வருடங்களாகின்றன. கொழுந்து எடுக்கும் அக்காமாரும், கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாரும், பென்சன் வாங்கிய தாத்தாமாரும் இன்று கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள்.

இதோடு இன்னொரு விடயமும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் கையிலிருக்கும் போனைத் திறந்தால் விளம்பரம் வருகிறது. "ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும்", "சீனியை அடியோடு ஒழிக்கும்", "டொக்டர் தேவையில்லை, மருந்து வீட்டுக்கே வரும்" என்றெல்லாம் ஆசை காட்டுகிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகனோ, வெளிநாட்டில் வேலை செய்யும் மகளோ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இனி பஸ் ஏறி அலைய வேணாம், நான் காசு கட்டிட்டேன், பார்சல் வரும்" என்று பாசத்தோடு சொல்கிறார்கள்.

போன் மூலம் மருந்து எடுக்கலாமா, கூடாதா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. போன் வழியாக நல்ல வைத்தியமும் நடக்கிறது, வெறும் வியாபாரமும் நடக்கிறது. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

சீனி வருத்தமும் அதன் மருந்தும்

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் வயிற்றில் சீனியாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அந்தச் சீனியை உடம்பின் தசைகளுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். இதைக் கணையம் என்ற உறுப்பு சுரக்கிறது. இன்சுலின் சுரப்பது நின்றே போனால் அது முதலாம் வகை. பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும். இன்சுலின் சுரந்தும் போதாமலோ, சரியாக வேலை செய்யாமலோ போனால் அது இரண்டாம் வகை. பெரியவர்களில் அநேகருக்கு இருப்பது இதுதான்.

1921ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன் முதலாம் வகை வந்த பிள்ளைகள் பிழைப்பதில்லை. 1922ஆம் ஆண்டு தொடக்கம் அவர்கள் பிழைத்து வாழ்கிறார்கள். ஆகவே, "எங்கள் மருந்தைக் குடித்தால் இன்சுலின் ஊசியை நிறுத்தலாம்" என்று எவராவது சொன்னால், அந்த வகைப் பிள்ளைக்கு அது சில நாட்களில் உயிரைப் பறிக்கும் பேச்சு என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் வகைக்குக் கிளினிக்கில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் மெட்போமின் குளிசை. பிரான்ஸ் நாட்டில் 1957ஆம் ஆண்டிலிருந்து பாவனைக்கு வந்த பழைய மருந்து இது. ஈரல் அதிகமாகச் சீனி செய்து இரத்தத்தில் விடுவதை இது குறைக்கிறது. விலை குறைந்த மருந்து, ஆனால் வேலையில் குறைந்ததல்ல. சிலருக்கு வயிற்றைப் பிரட்டும்; சாப்பாட்டோடு எடுத்தால் அது குறையும். கிளிக்கிளசைட் போன்ற குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. இவற்றை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் மலைக்குப் போனால் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரும்.

நல்ல மருந்தைக் குறைந்த விலையில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று எமது நாட்டில் வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவருடைய முயற்சியால்தான் 1971ஆம் ஆண்டு அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. பெட்டியின் அழகுக்கும் விளம்பரத்துக்கும் காசு கொடுக்காமல், உள்ளே இருக்கும் மருந்துக்கு மட்டும் காசு கொடுப்பது என்பது அவருடைய வழி. விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

புதிய ஊசிகள் எவை?

இப்போது உலகம் முழுவதும் பேசப்படுவது செமாகுளூட்டைட் என்ற ஊசி. வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்குக் கீழே போடுவது. அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு ஓசெம்பிக் என்ற பெயரில் சீனி வருத்தத்துக்கும், 2021ஆம் ஆண்டு வீகோவி என்ற பெயரில் உடல் பருமனுக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. 2022ஆம் ஆண்டு டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசியும் வந்தது.

நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு சுரப்பு உண்டாகிறது. இந்த ஊசி அதைப் போலவே நடிக்கிறது. சீனி கூடும்போது இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, வயிறு காலியாவதை மெதுவாக்குகிறது, பசியைக் குறைக்கிறது. பருமன் உள்ளவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றில், 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 வீதம் அளவில் குறைந்தது. ஆகவே இது பொய் மருந்து அல்ல. சீனியோடு இருதய நோய் அல்லது சிறுநீரக நோயும், பருமனும் உள்ளவர்களுக்காக 2025ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசிகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதாக அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்குப் பித்தப்பையில் கல், கணைய வீக்கம் வரலாம். கர்ப்பிணித் தாய்மார் போடக் கூடாது. பிள்ளை பெற எண்ணியிருப்பவர்கள் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் ஒரு வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் ஆகாது. சிறிய அளவில் தொடங்கி, மாதக் கணக்கில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். திறக்காத ஊசியை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும். விலையும் மிகக் கூடியது. வெயிலில் வேனில் ஆடி அசைந்து, மூன்று நாள் கழித்து லயத்துக்கு வந்து சேரும் பார்சலில் அந்த ஊசி நல்லபடி இருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏமாற்று எப்படி நடக்கிறது?

2022ஆம் ஆண்டு தொடக்கம் உலகம் முழுவதும் இந்த ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. கேட்பவர் கூட, சரக்குக் குறைய, போலிகள் புகுந்தன. 2023ஆம் ஆண்டு பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஓசெம்பிக் பிடிபட்டது. 2024 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. ஆஸ்திரியாவில் போலி ஊசி போட்ட சிலர் சீனி இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள்.

அமெரிக்காவில் தட்டுப்பாட்டுக் காலத்தில் சில மருந்தகங்கள் இதைத் தாமே கலந்து குப்பியில் விற்றன. அளவாக அடைத்த பேனா ஊசி இல்லாமல், சிரிஞ்சில் தாமே இழுத்துப் போட்டவர்களில் சிலர், போட வேண்டியதைப் போல் 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டு அந்நாட்டு மருந்து அதிகார சபை இதைப் பகிரங்கமாக எச்சரித்தது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், அளவு காட்டிக் கொடுக்க ஒருவரும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

"இது இங்கிலீஷ் மருந்து இல்லை, மூலிகை" என்று சொல்லி விற்பவற்றிலும் கவனம் தேவை. சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்து மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் 'மூலிகை' மெலிவுக் குளிசைகளுக்குள் அதை ஒளித்து வைத்து விற்றது பல தடவை பிடிபட்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு, ஆண்களுக்கு என்று களவாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசை மருந்து கலந்திருந்தது. சீனி வருத்தமே இல்லாதவர்கள் சீனி இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்; நால்வர் இறந்தார்கள்.

மெலிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

எம்மவரில் பலர் பருமன் உள்ளவர்கள் அல்ல. ஆனாலும் சீனி வருகிறது. தெற்காசிய மக்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பினால் இந்த வருத்தம் வரலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது எமது பகுதி மக்களுக்கான கணக்கு.

இன்னொன்று. காரணமில்லாமல் உடம்பு மெலிவதும், அடிக்கடி தாகம் எடுப்பதும், இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழும்புவதும் சீனி கூடியதன் அடையாளங்கள். அப்படி மெலிந்த ஒருவர், சீனிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு மெலிவு மருந்தை வாங்கிப் போட்டால் நிலைமை என்னவாகும்? போனில் விற்பவர் உங்களைக் கண்ணால் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்தது காசு வந்து சேர்ந்ததா என்பது மட்டுமே.

நல்ல போன் வைத்தியம் எப்படி இருக்கும்?

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது எமது நாட்டில் அரசாங்கக் கிளினிக் மருந்துகள் தபால் மூலம் நோயாளர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மருந்து வீட்டுக்கு வந்தது உண்மை. ஆனால் அந்த மருந்துக்குப் பின்னால் ஒரு கிளினிக் கொப்பி இருந்தது, இரத்தப் பரிசோதனை இருந்தது, உங்களை அறிந்த டொக்டர் இருந்தார். நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளைகள் போன் மூலம் டொக்டரைக் காட்டுவதாக இருந்தால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. பேசுபவர் டொக்டர்தானா? இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பெயரும் இலக்கமும் கேளுங்கள். உண்மையான டொக்டர் கோபிக்க மாட்டார்.

2. அவர் கேள்வி கேட்கிறாரா? வேறு என்ன வருத்தம், என்ன குளிசை, பிரஷர் எவ்வளவு, கர்ப்பமா என்று கேட்காமல் மருந்து எழுதுபவர் வைத்தியம் செய்யவில்லை.

3. பரிசோதனை முடிவைப் பார்க்கிறாரா? வெறும் வயிற்றில் பார்த்த சீனி 126 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரி 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம் என்று சந்தேகப்பட்டு உறுதி செய்வார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் மெட்போமின் கூட நீண்ட காலம் கொடுப்பதில்லை.

4. மருந்து எங்கிருந்து வருகிறது? 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் அனுமதி பெற்ற பாமசியிலிருந்து, பெட்டியும் திகதியும் பற்றுச்சீட்டும் சேர்ந்து வர வேண்டும். பெயரில்லாத போத்தலும், பொலித்தீன் பையில் குளிசையும் வேண்டாம்.

5. பிறகு யாரிடம் பேசுவது? வாந்தி, மயக்கம் வந்தால் அழைக்க ஓர் ஆள் இல்லையென்றால் அந்த மருந்தைத் தொடாதீர்கள்.

போனில் டொக்டரோடு பேசும்போது கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் குளிசைப் பெயரையும் வாசியுங்கள். அங்கே புதிதாகக் கொடுத்த மருந்தை அடுத்த கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். "டொக்டர் ஏசுவாரு" என்று பயந்து மறைத்தால், ஒரே மாதிரியான மருந்து இரண்டு பக்கமும் சேர்ந்து ஆபத்தாகும்.

கிளினிக் நாளும் ஒரு நாள் பேரும்

மக்கள் ஏன் போன் மருந்தை நாடுகிறார்கள் என்பது எமக்குத் தெரியாததல்ல. "விடியக் காலை பஸ் பிடிச்சு, வரிசையில நின்னு, திரும்பி வர மத்தியானம் தாண்டிடுது. அன்னைக்குப் பேரு இல்ல" என்கிறார்கள். இது நியாயமான கவலை. ஆனால் சீனியைக் கவனிக்காமல் விட்டால் இழப்பது ஒரு நாள் பேரோடு நிற்காது. காலில் உணர்ச்சி மழுங்கும். அட்டை கடித்ததும் முள் குத்தியதும் தெரியாது. புண் ஆறாமல் விரலை எடுத்தவர்களும், காலையே இழந்தவர்களும் உண்டு. கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும்.

ஆகவே கிளினிக் திகதியை முன்கூட்டியே கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். ஒரே லயத்தவர்கள் ஒரே நாளில் திகதி கேட்டுச் சேர்ந்து போகலாம். இடையில் சீனி, பிரஷர் பார்க்க முடியுமா என்று தோட்ட மருந்துசாலையில் கேளுங்கள். நலன்புரி உத்தியோகத்தரிடம் உங்கள் சிரமத்தைச் சொல்லுங்கள். பலர் சேர்ந்து சொன்னால் வழி பிறக்கும். அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஏதாவது மருந்து அங்கே இல்லையென்று வெளியே எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டைப் பிள்ளைக்கு அனுப்பி, அனுமதி பெற்ற பாமசியில் வாங்கச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளையின் காசுக்கு இது நல்ல செலவு.

அவசரத்தில் செய்ய வேண்டியது

கை நடுங்கி, வியர்த்து, பசியெடுத்து, தலை சுற்றினால் சீனி இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். பிறகு சாப்பாடு கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் கேளுங்கள். என்ன மருந்து எடுத்தார் என்று காட்ட, பார்சலில் வந்த பெட்டியையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

சீனிக் குளிசை எடுக்கும் எவரும் மலைக்குப் போகும்போது சேலை முடிச்சிலோ சட்டைப் பையிலோ கொஞ்சம் சீனியோ டொபியோ வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் பிரட்டுக்குப் போக வேண்டாம்.

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத அப்பா, அம்மா, பாட்டிமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் யாராவது பார்சல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் ஏசாதீர்கள். அந்தப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மருந்துசாலைக்கோ கிளினிக்குக்கோ கூட்டிக்கொண்டு போங்கள்.