பள்ளிக்கூடம் யாருடையது?

அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துப் பெற்றோர்களுக்கு 1988-ல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு பெரிய உரிமையை அளித்தது. பள்ளிக்கூடந்தோறும் தேர்தலால் அமையும் ஒரு சபை. அதில் அன்று பெற்றோருக்கே பெரும்பான்மை. தலைமை உபாத்தியாயரைத் தெரிந்தெடுப்பதும் வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிப்பதும் அச்சபையின் வேலை.

"அது செல்வ தேசம்" என்று நம்மவர் பெருமூச்செறிய வேண்டுவதில்லை. நமது 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் ஸ்திரீகள். உபாத்தியாயரை நியமிக்கும் அதிகாரம் அவர்களுக்கில்லை. ஆயினும் பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தை வகுப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பே.

செங்கற்பட்டு 2019-ல் தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் கச்சேரி அருகில் வந்துவிட்டதால் மட்டும் பள்ளிக்கூடம் சீர்பட்டு விடாது. புதுப்பட்டினத்தில் வலை இழுக்கும் தகப்பனும் மீன் விற்கும் தாயும் குழுவில் அமர்ந்து கணக்குக் கேட்கவேண்டும். பிழைப்புக் கெடாத வேளையில் கூட்டம் கூடச் செய்து, கணக்கை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது, மேடைப் பிரசங்கத்தினும் மேலான தேச சேவை. ஊழியர்களே, இதைச் செய்யுங்கள். கேட்பாரில்லாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.