குழந்தைக்கு வலிப்பு நிற்காவிட்டால்



விடியற்காலை. பெற்றோர் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை பாட்டியின் பொறுப்பில் இருக்கிறது. திடீரென்று பிள்ளையின் கண்கள் மேலே செருகுகின்றன. கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. லயத்து வாசலில் கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணிக்கிறார். இன்னொருவர் கரண்டியைத் தேடுகிறார். கடிகாரத்தைப் பார்ப்பவர் ஒருவருமில்லை!

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினால் சங்கதி வேறு. அது தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. நேரம் ஆக ஆக மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாது. அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூளைக்கே சேதம் வரலாம்.

பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் தண்ணீர், மருந்து, கரண்டி எதுவும் வேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. என் மாணவன் ஒருவனுக்குக் கரண்டியை நுழைத்ததில் முன்பல் உடைந்தது. அது மூச்சுக்குழலில் இறங்காமல் போனது அவன் செய்த புண்ணியம். அன்று நானும் பக்கத்தில் சும்மாதான் நின்றேன்.

5 நிமிடம் ஆகட்டும் என்று காத்திருந்து வண்டி தேடாதீர்கள். இழுப்பு தொடங்கியதுமே ஒருவர் 999-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் வண்டிக்கு ஓடட்டும். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே பிள்ளையை இடுக்கிக்கொண்டு போவது ஆபத்து. கழுத்து மடிந்து மூச்சு அடைத்துவிடும். காரில் மடியில் ஒருக்களித்தே படுக்க வையுங்கள்.

எங்கே போவது? பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால், வழியிலுள்ள கிளினிக்கில் வலிப்பை நிறுத்தும் மருந்து உண்டா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். நரம்பில் ஊசி போட முடியாவிட்டாலும், டயஸெபாம் என்ற மருந்தை ஆசனவாய் வழியே செலுத்தலாம். முன்பு நீண்ட வலிப்பு வந்த பிள்ளையென்றால், அதை வீட்டிலேயே வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவு எடையைப் பொறுத்தது. மிஞ்சினால் மூச்சு மந்தமாகும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்தை இரவல் வாங்காதீர்கள்.

வலிப்பு நின்றுவிட்டாலும், முதல் தடவையென்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மயக்கம் தெளியாமல் மறுபடி இழுத்தாலோ, கழுத்து விறைத்திருந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.