முதல் கரையாத கொடை

தென் ஒக்லாந்தில், பண்டகசாலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த விரி என்னும் பகுதியில் நான் வாழ்கிறேன். மாவோரி மக்கள் மாட்டுக்குட்டூருரு என்றழைக்கும் எரிமலைக் குன்று ஒன்று முன்னர் இங்கே உயர்ந்து நின்றது. ரயில் பாதைகளுக்கெனக் கல்லுடைத்து உடைத்து அதன் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டே இருந்தால் மலையும் கரையும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது ஊர்ச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் இந்தக் குன்று என் நினைவுக்கு வந்தது. இராப்போசன விருந்தின் மூலம் சேர்த்த பணம் முழுவதும் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டுவிட்டதென்றும், கையிருப்பு எதுவும் இல்லையென்றும் பொருளாளர் பெருமையோடு அறிவித்தார். கரவொலி அடங்கியதும் பின்வரிசையிலிருந்து முதிய தாயொருவர் எழுந்தார். "தம்பி, இந்த வருஷம் அனுப்பினது சரி. எங்கட காலத்துக்குப் பிறகு ஆர் அனுப்புவினம்?" என்று கேட்டார்.

சபையில் எவரும் பதில் கூறவில்லை. ஆனால் அக்கேள்விக்கான பதில் நாம் குடியேறியுள்ள இந்த நகரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

உரிமையாளர் இல்லாத வங்கி

1847ஆம் ஆண்டு குயீன் வீதியில் பிரவுண் - கம்பல் வணிக நிறுவனத்தின் கடையில் ஒக்லாந்து சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. கூலியாட்களும் வீட்டுப் பணியாளரும் தமது சிறு சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதை வைப்பிலிடுவதற்கென அமைந்த வங்கி அது. அதற்குப் பங்குதாரர் எவரும் இலர். அறங்காவலர்களே நடத்தினர். இலாபம் எந்தத் தனிமனிதரின் பைக்கும் போகவில்லை. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் அது அவ்வாறே வளர்ந்தது.

1988இல் இத்தகைய வங்கிகளைக் கம்பனிகளாக்க நியூசிலாந்து அரசு சட்டமியற்றியபோது ஒரு கேள்வி எழுந்தது. உரிமையாளர் இல்லாத வங்கியின் பங்குகள் யாருக்குச் சொந்தம்? அந்தந்தப் பிராந்தியத்து மக்களுக்கே என்று சட்டம் விடையளித்தது. மக்கள் சார்பில் பங்குகளை ஏற்பதற்கென நாடெங்கும் பன்னிரண்டு சமூக நம்பிக்கை நிதியங்கள் தோன்றின. ஒக்லாந்துக்கும் அதன் வடபுலமாகிய நோர்த்லாந்துக்குமான நிதியம் அவற்றுள் ஒன்று.

அந்நிதியம் 1989இல் வங்கியின் முக்காற்பங்கை அவுஸ்திரேலியாவின் கொமன்வெல்த் வங்கிக்கு விற்றது. எஞ்சிய காற்பங்கையும் 2000ஆம் ஆண்டில் விற்றது. கிடைத்த பணத்தைப் பங்கிட்டுச் செலவழித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். மாறாக, அதனை முதலீடு செய்து, வருவாயிலிருந்து நன்கொடை வழங்கி, முதலை வருந்தலைமுறைக்கெனக் காத்துவருகிறது. 2015 முதல் 'பவுண்டேஷன் நோர்த்' என்பது அதன் பெயர். அறங்காவலர்களை நிதியமைச்சர் நியமிக்கிறார்.

இங்கு ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்நிதியத்தின் ஊற்று கோடீசுவரர் ஒருவரின் கொடையன்று. பெயர் தெரியாத உழைப்பாளிகளின் சில்லறை. அதன் பயனுக்கு உரியவர்களும் இப்பிராந்தியத்தில் வாழும் அனைவருமே. மாங்கரே அகதிகள் வரவேற்பு நிலையத்தில் நேற்று வந்திறங்கிய குடும்பமும் அவர்களுள் அடங்கும்.

சாவா மூவாப் பேராடு

இந்த முறை எமக்குப் புதியதன்று. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் நெய்யை வாங்கிக் கொடுக்கவில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தார். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார். கிழடு கழிந்தாலும் குட்டிகள் பெருகுவதால் மந்தையின் தொகை குறையாது. கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகளும் ஊர்ச் சபைகளிடம் வைப்பிலிடப்பட்டன. சபைகள் காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் வீதம், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி செலுத்தின. முதலைத் தொடாதே, பலனைக் கொடு என்பதே விதி.

இதே விதிப்படிதான் ஜோன் லோகன் கம்பல் 1901இல் தமது பெருநிலத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். எம்மவர் ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு உலாவும் கோர்ன்வோல் பூங்கா அதுவே. குத்தகை நிலங்களின் வருவாயில் அது பேணப்படுகிறது. உள்ளே செல்ல எவரும் கட்டணம் செலுத்துவதில்லை.

நிதி செல்லும் வழி

இத்தகைய நிதியம் எதைச் சாதிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். மாவோரி, பசுபிக் தீவுப் பிள்ளைகளின் கல்விக்கென இந்நிதியம் இரண்டு கோடி டொலரை ஒதுக்கியது. அதன் துணையோடு மவுண்ட் வெலிங்டனில் உள்ள சில்வியா பார்க் பாடசாலையில் முட்டுக்கரோவா என்னும் திட்டம் நடந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் வாசிப்பும் எண்ணறிவும் எந்நிலையில் உள்ளன, வீட்டில் எவ்வாறு உதவலாம் என்பதைப் பாடசாலை பெற்றோருக்குத் தனித்தனியே எடுத்துரைத்தது. அதுவும் பெற்றோருக்கு இயலுமான நேரத்தில். பயன் கண்ட கல்வியமைச்சு பின்னர் வேறு பாடசாலைகளுக்கும் அதனை விரித்தது. இரவு வேலைக்குப் போய், விடியலில் திரும்பி, பிள்ளையின் ஆசிரியரை ஒருநாளும் காணாத எம்மவருக்கு இதன் அருமை விளங்கும்.

எமது கடன்

ஆகவே இரண்டு கடமைகள் உள்ளன. முதலாவது, கேட்பது. எமது வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் முதியோர் சங்கங்களும் மண்டப வாடகைக்கே திண்டாடுகின்றன. முறையான பதிவும் ஒழுங்கான கணக்கும் இன்றிப் பொது நிதியங்களின் வாசலுக்குப் போக இயலாது. கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளும் எமது பழக்கம் மாறவேண்டும்.

இரண்டாவது, கொடுப்பது. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்த சமூக நிதியம் என்னும் முறை இங்கும் வேரூன்றியுள்ளது. டவுரங்காவில் 2003இல் ஏகோர்ன் நிதியம் தோன்றியது. ஒக்லாந்து நிதியமும் இயங்குகிறது. உயிலின் மூலமோ வாழுங்காலத்திலோ கொடுப்பதை இவை முதலாக வைத்து, பலனை ஊருக்கு வழங்குகின்றன. அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு ஐந்து டொலரோ அதற்கு மேலோ கொடுத்தால், ஆண்டு வருமானத்திற்கு மேற்படாதவரை, மூன்றிலொரு பங்கை வரித் திணைக்களம் திருப்பித் தரும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் அமைப்புகளுள் சட்டத்திற் பெயர் குறிக்கப்பட்டவற்றுக்கே இச்சலுகை உண்டு.

ஊர் துன்பப்படுகையில் இந்நாட்டுக்குக் கொடுப்பதா என்று சிலர் சினக்கலாம். ஊரை மறக்குமாறு நான் கூறவில்லை. கூரை பறந்த பாடசாலைக்கு உடனே கூரை வேண்டும். அதற்கு முதல் வைத்துக் காத்திருக்க இயலாது. ஆயினும் சேர்ப்பதில் பத்திலொன்றையேனும் தொடாத முதலாக வைத்தால், ஊருக்கும் இங்குள்ள பிள்ளைகளுக்கும் எமக்குப் பின்னரும் ஒன்று எஞ்சும். உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த எங்கள் அன்னையருக்கு இக்கணக்கு தெரிந்தே இருந்தது.

அந்தத் தாயின் கேள்வி இன்னமும் பதிலின்றிக் கிடக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதனை முதலாவதாகச் சேர்க்குமாறு செயலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.