இளவேனிலின் வருகையை அறிவோம்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என நம் முன்னோர் வகுத்தனர். ஆயினும், அப்பருவத்தின் அறிகுறிகள் மாசியிலேயே தென்படத் தொடங்குகின்றன. பின்னல் எந்திரங்களும் விசைத்தறிகளும் ஓயாது ஒலிக்கும் திருப்பூர் வட்டாரத்திலும், கருத்தூன்றி நோக்குவோர் அவற்றைக் காணலாம்.

முதலில் மரங்களைப் பார்ப்போம். மாசியில் வேம்பும் புங்கும் முதிர்ந்த இலைகளை உதிர்க்கின்றன. விரைவிலேயே வேம்பில் செந்நிறத் தளிரும், புங்கில் பளபளக்கும் இளம்பச்சைத் தளிரும் தோன்றுகின்றன. பங்குனியில் வேம்பு பூக்கிறது. குயிலின் கூவலும் மிகுகிறது.

நீர்நிலைகளும் பருவ மாற்றத்தை உணர்த்துகின்றன. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் அங்கு தங்கும் வலசைப் பறவைகள், வேனில் நெருங்கியதும் வடதிசை நோக்கித் திரும்புகின்றன. இமயத்தைக் கடந்து செல்லும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. குளத்தில் இவற்றின் கூட்டம் குறைவதும் ஓர் அறிகுறியேயாகும்.

இவற்றைக் கவனிப்பதால் பயன் யாது? வேம்பு பூத்து ஏறக்குறைய மூன்று மாதங்களில் பழம் கனிகிறது. பூத்த நாளைக் குறித்து வைக்கும் உழவர், வேப்பங்கொட்டை சேகரிக்க முன்னதாகவே ஆயத்தமாகலாம். கொட்டையின் பருப்பை இடித்து, நீரில் ஊறவைத்து, வடித்தெடுக்கும் 5 சதவீதக் கரைசல் பயிர்ப்பூச்சிகளைக் கட்டுப்படுத்த உதவும்.

மற்றொரு பயனும் உண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் மலர்ந்த நாள் பற்றிய குறிப்புகள் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. 2021-இல் அவை மார்ச் 26 அன்றே முழுதும் மலர்ந்தன. அதுவரை கிடைத்திருந்த குறிப்புகளில் அதுவே மிக முந்திய நாளாகும். வெப்பம் மிகுந்து வருவதற்கு அவ்வேடுகள் சான்று பகர்கின்றன. “பருவம் முன்போல் இல்லை” என்று நாமும் பேசிக்கொள்கிறோம். ஆனால், நாள் குறித்த ஏடு இல்லையேல் அப்பேச்சுக்குச் சான்று ஏது?

ஆதலால், ஒவ்வொரு கிராமப் பள்ளியிலும் ஒரு குறிப்பேடு இருத்தல் நலம். ஆண்டுதோறும் அதே வேம்பு தளிர்த்த நாள், முதற் பூப் பூத்த நாள், குயிலோசை முதலில் கேட்ட நாள் ஆகியவற்றை மாணவர் எழுதி வரலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஓராண்டுக் குறிப்பு அதிகம் உணர்த்தாது. பல ஆண்டுக் குறிப்புகள் சேரும்போது, அது கிராமத்தின் அரிய செல்வமாகும். வரும் மாசியிலேயே தொடங்குவோமாக!