அம்புக்குறி தலைகீழாகப் போனால்?

போன மாசம் ஒரு ராத்திரி எலிக் கருவின் டேட்டா ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பணு உருவாகும் பாதையில் இருக்கும் 9,815 செல்கள். எஸ்சிவேலோ மென்பொருளோடு பழகிப் பார்ப்பதற்காகவே கிடைக்கிற டேட்டா அது. பதினைந்து வரி பைத்தான், கொஞ்ச நேரத்தில் படம் ரெடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதிர்ந்த பகுதியில் அம்புகள் எல்லாம் சிவப்பணுவிலிருந்து அதன் முன்னோடிச் செல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. தயிர் திரும்பப் பாலாகிற மாதிரி.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கோடு எழுதுகிறவன். அதனால் முதல் சந்தேகம் என் கோடு மேல்தான். திரும்பத் திரும்ப ஓட்டினேன். கோடில் தப்பு இல்லை.

எங்கே தப்பு என்று புரிய, இந்த அம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். ஒற்றைச் செல் ஆய்வில் செல்லை உடைத்துத்தான் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வை எண்ணுகிறோம். ஒரு செல்லுக்கு ஒரு போட்டோ, அதோடு அந்தச் செல்லின் கதை முடிந்தது. அடுத்து அது என்னவாகியிருக்கும் என்று கேட்க ஆள் இல்லை. லா மன்னோ, லின்னார்சன், கார்ச்சென்கோ குழுவினர் 2018-ல் நேச்சர் இதழில் சொன்ன யோசனை, அந்த ஒரு போட்டோவிலேயே திசையும் ஒளிந்திருக்கிறது என்பது.

ஒரு இட்லிக் கடையை போட்டோ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ஈடு ஈடாக வெந்துகொண்டிருக்கிறது, ஹாட்பாக்ஸில் நாலே இட்லி. கடை இப்பதான் சூடு பிடிக்கிறது. ஹாட்பாக்ஸ் நிறைய இட்லி, அடுப்பு காலி என்றால் கடை கட்டப்போகிறார்கள். ஜீனிலிருந்து புதிதாக வந்த, இன்ட்ரான் வெட்டப்படாத ஆர்.என்.ஏ. அடுப்பில் இருக்கும் இட்லி. வெட்டி ஒட்டி முடித்தது ஹாட்பாக்ஸில் இருப்பது. கணக்கும் அவ்வளவுதான்: முடிந்த ஆர்.என்.ஏ. மாறும் வேகம் = (பீட்டா × வெட்டாதது) − (காமா × வெட்டியது). பீட்டா வெட்டும் வேகம், காமா சிதையும் வேகம்.

வெட்டாத ஆர்.என்.ஏ. நம் டேட்டாவில் எப்படி வந்தது? ஆர்.என்.ஏ.வின் ஏ-வாலைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கமான முறை. இன்ட்ரானுக்குள்ளும் ஏ எழுத்து வரிசையாக வரும் இடங்கள் உண்டு, தூண்டில் அங்கேயும் மாட்டிக்கொள்கிறது. ரீடுகளில் 15 முதல் 25 சதவீதம் வரை இப்படி இன்ட்ரான் உள்ளவை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. பல வருஷம் குப்பை என்று ஒதுக்கியதில் இருந்த தகவல் இது. (லாக் ஃபைலைக் கண்மூடி டிலீட் பண்ணுகிறவர்கள் கவனிக்க.) அதனால் சாதாரண எண்ணிக்கை அட்டவணை போதாது. வெலோசைட்டோ மாதிரி ஒன்றை வைத்து பாம் ஃபைலிலிருந்து இரண்டையும் தனித்தனியாக எண்ணணும்.

இப்ப சிவப்பணுவுக்கு வருவோம். ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரு புள்ளிப் படம் போடலாம்: கிடையாக வெட்டியது, செங்குத்தாக வெட்டாதது. நடுவில் ஒரு சாய்கோடு, அதுதான் சமநிலை. கோட்டுக்கு மேலே இருக்கும் செல்லில் ஜீன் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம். எளிய முறையில் அந்தக் கோட்டை இரண்டு ஓரத்துச் செல்களை வைத்துப் போடுகிறார்கள், அங்கே சமநிலை வந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

இட்லிக் கடையில் கூட்டம் கூடிப்போய் முதலாளி திடீரென்று இன்னும் இரண்டு அடுப்பு பற்ற வைக்கிறார். அடுப்பில் இட்லி குவிகிறது, ஹாட்பாக்ஸ் இன்னும் நிறையவில்லை. அந்த நிமிஷத்து விகிதத்தையே 'சாதாரணம்' என்று எடுத்துக்கொண்டால், காலையில் ஒழுங்காக நடந்த கடை எல்லாம் 'அடுப்பு குறைவு, மூடப்போகிறது' என்றுதான் தெரியும். சிவப்பணு முதிரும்போது சில ஜீன்கள் நடுவழியில் இப்படி வேகம் கூட்டுகின்றன. 2021-ல் ஜீனோம் பயாலஜி இதழில் பரீலே குழு இதைக் காட்டியது. அந்த ஜீன்களை விலக்கினால் அம்பு சரியான பக்கம் திரும்புகிறது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? எனக்குத் தூக்கம் போனது இங்கேதான். சிவப்பணு எந்தப் பக்கம் போகும் என்று முன்னாடியே தெரியும், கருவின் வயதும் டேட்டாவில் இருக்கிறது. அதனால் பிடித்தோம். விடை தெரியாத திசுவில்? மென்பொருள் தரும் 'கான்ஃபிடன்ஸ்' எண்ணை நம்ப முடியாது. பக்கத்துச் செல்களின் அம்போடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் அது அளக்கிறது, அம்பு சரியா என்பதை இல்லை. கணக்குக்கு முன்னாலேயே ஒவ்வொரு செல்லையும் பக்கத்தில் இருக்கும் முப்பது செல்லோடு சராசரி எடுத்தாச்சு, ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? யூமேப் படத்திலோ, ஏற்கனவே செல் இருக்கும் பக்கம்தான் அம்பு போக முடியும். ஆகவே தப்பான அம்பும் வழவழவென்று ஓடும்.

இப்ப நான் படத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் அம்பை அதிகம் இழுக்கும் இருபது ஜீன்களின் புள்ளிப் படம். மேல் ஓரத்தில் புள்ளிகள் செங்குத்தாக எகிறினால் அந்த ஜீன் சந்தேகக் கேஸ். அவற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன்.

இரண்டு வருஷம் முன்னால் நண்பர் ஒருத்தருக்கு இப்படி ஒரு அம்புப் படம் போட்டுக் கொடுத்தேன். அதில் நாள் கணக்கு எதுவும் கிடையாது. அதை நம்பித்தான் அடுத்த சோதனைக்கு எந்தச் செல்லைப் பிரிப்பது என்று அவர் முடிவு செய்தார். நேற்று பழைய ஃபோல்டரைத் தோண்டி அதையும் ஓட்டினேன். மூன்றே ஜீனை எடுத்ததும் ஒரு கிளை முழுக்கத் திரும்பிவிட்டது. இரண்டில் எது சரி என்று அந்த டேட்டாவை வைத்துச் சொல்ல வழியில்லை. காலையில் அவருக்குப் போன் பண்ணி அதைச் சொல்லிவிட்டேன்.